மீட்டருக்கு மைனஸ் எப்படித் தெரிகிறது?

"பழைய அடாப்டரின் பின்னை வெட்டிவிட்டேன். உள்ளே இரண்டு ஒயரும் கறுப்பு. எது பிளஸ்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மல்டிமீட்டர் இருந்தால் அரை நிமிட வேலை. கறுப்பு புரோபை 'காம்' துளையிலும் சிவப்பை வோல்ட் துளையிலும் செருகி, டிசி 20 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். ஒயர் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொண்டு தொடுங்கள். 12.10 என்று வந்தால் சிவப்பு தொட்டது பிளஸ். முன்னால் ஒரு மைனஸ் வந்தால் கறுப்பு தொட்டதுதான் பிளஸ்.

எனக்குப் பிடித்தது அந்த மைனஸ்தான். ஊசி மீட்டரில் அது எளிது: மின்னோட்டம் திரும்பினால் காந்தத்துக்கு நடுவே உள்ள சுருளும் எதிர்ப்பக்கம் திரும்பும், ஊசி இடது ஓரத்தில் போய் முட்டும். டிஜிட்டல் மீட்டருக்கு ஏது ஊசி?

சில நூறு ரூபாய் மீட்டர்கள் பலவற்றில் இருப்பது 7106 என்ற சிப், அல்லது அதன் நகல். உள்ளே வரும் 12.10 வோல்ட்டை மீட்டர் முதலில் நூறில் ஒரு பங்காக, 0.121 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு மின்தேக்கியை, தன் உள்கடிகாரத்தின் சரியாக 1000 துடிப்பு நேரம் ஏற்றுகிறது. அப்புறம் ஒயரைக் கழற்றிவிட்டு, தன்னிடம் உள்ள 0.1 வோல்ட்டை எதிர்த்திசையில் கொடுத்து இறக்குகிறது. காலியாக எத்தனை துடிப்பு ஆயிற்று? 1210. புள்ளியை இடம் பார்த்து வைத்தால் 12.10!

ஆனால் எதிர்த்திசை எது? ஏற்றி முடித்த கணத்தில், மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஓர் ஒப்பீட்டுச் சுற்று பார்க்கிறது. அதை வைத்துத்தான் இறக்கும் திசை முடிவாகிறது. அந்த முடிவுதான் திரையில் மைனஸாக வருகிறது. பள்ளி ஆய்வகங்களில் கால்வனாமீட்டர் என்ற ஊசி மீட்டரைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைப்பதை விட, இப்படி ஒரு மலிவு மீட்டரைப் பிரித்துப் பிள்ளைகள் முன் போடலாம் என்பேன்.

ஏற்றும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதைப் பெரும்பாலும் பத்தில் ஒரு வினாடியாக வைக்கிறார்கள். நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதற்குள் சரியாக 5 முறை ஏறி இறங்கிவிடும். ஏறியது இறங்கியதோடு கழிந்துபோவதால், அக்கம்பக்கத்து ஒயர்களிலிருந்து வரும் இரைச்சல் அளவீட்டைக் கெடுக்காது.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. டிசியில் வைத்த மீட்டர், 230 வோல்ட் உள்ள சுவர் பிளக்கிலும் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். அதை நம்பிக் கை வைத்துவிடாதீர்கள். அங்கே பிளஸ், மைனஸ் கிடையாது, பேஸ், நியூட்ரல்தான். அதற்கு மீட்டரை ஏசியின் பெரிய அளவுக்கு மாற்ற வேண்டும்.