18 வயசு முடிஞ்சா பெத்தவங்களத் தேட நீங்களே அப்ளை பண்ணலாம்

போன மாசம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் ஊருக்குப் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை வந்தா, 21 வயசு, நர்சிங் படிக்கா. கையில பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சுபோன கோர்ட் ஆர்டர், அவளத் தத்துக் குடுத்தது. தத்துப் பிள்ளைங்கறத வீட்டுல மறைக்கல, சின்னதுலயே சொல்லித்தான் வளத்திருக்காவ. "அக்கா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், என்னப் பெத்த அம்மை உயிரோட இருக்காவளான்னு மட்டும் தெரியணும்"னு சொன்னா. யாரோ ஒருத்தர் ரூவா குடுத்தா கண்டுபிடிச்சுத் தாறேன்னு சொல்லியிருக்கார். அதக் கேட்டு மனசு பதறிப்போச்சு, அதான் இத எழுதுறேன்.

தத்துப் போன பிள்ளை தன்னப் பெத்தவங்களத் தேட அரசாங்கத்துலயே வழி இருக்கு, பேரு ரூட் சர்ச். 2017 தத்தெடுப்பு விதியில இருந்தது, 2022 செப்டம்பர்ல வந்த புது விதியிலயும் இருக்கு. 18 வயசு முடிஞ்சவங்க டெல்லியில இருக்க காராவுக்கு, அதாவது மத்திய தத்தெடுப்பு ஆணையத்துக்கு, ஆன்லைன்ல தனியாவே அப்ளை பண்ணலாம், வளத்தவங்க கையெழுத்து தேவையில்ல. 18க்குக் கீழ இருந்தா வளத்த அப்பா அம்மாவோட சேர்ந்துதான் பண்ணணும். ஆன்லைன் குழப்பமா இருந்தா நாகர்கோவில்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் கேளுங்க, தத்துப் பிள்ளை வந்து கேட்டா அவங்க உதவி செய்யணும்னு விதியிலயே இருக்கு, அதனால "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா"ன்னு யாராவது சொன்னா திரும்பி வந்துராதீங்க, எழுத்துல மனு குடுங்க.

போகும்போது தத்து ஆர்டர் ஜெராக்ஸ் கண்டிப்பா வேணும். 2022 செப்டம்பருக்கு முன்னாடி கோர்ட்ல தான் ஆர்டர் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் கலெக்டர் கைக்கு வந்துது, அதனால இப்ப 18, 20 வயசுல இருக்கவங்க கோர்ட் ஆர்டரத்தான் தேடணும். பிறப்பு சர்டிபிகேட்ட வச்சு எதுவும் தெரியாது, அதுல வளத்தவங்க பேருதான் இருக்கும். ஆர்டர்ல பாக்க வேண்டியது குழந்தையக் குடுத்த தத்து மையம் எதுன்னுதான். நம்ம மாவட்டத்துல இது முக்கியம், ஏன்னா பிரசவத்துக்கே திருவனந்தபுரம் போறவங்க நாம, அங்க 2002ல இருந்து அம்மத்தொட்டிலும் இருக்கு, அதாவது வளக்க முடியாதவங்க பேரு சொல்லாம பிள்ளைய விட்டுட்டுப் போற தொட்டில், மையம் கேரளாவுல இருந்தா ஃபைலும் அங்கதான் இருக்கும், நாகர்கோவில்ல தேடிட்டு ஒண்ணுமில்லன்னு மனசொடிஞ்சு போகக்கூடாது.

இனிதான் நெஞ்ச கொஞ்சம் திடமா வச்சுக்க வேண்டிய இடம். என்ன கிடைக்கும்ங்கறது நீங்க எப்படி வந்தீங்கங்கறதப் பொறுத்தது. தொட்டில்லயோ ரோட்டோரத்துலயோ கிடைச்ச பிள்ளைன்னா பெத்தவங்க பேரு ஃபைல்லயே இருக்காது, எங்க எப்ப கிடைச்சீங்க, சொந்தக்காரங்க யாராவது இருந்தா வாங்கன்னு அப்ப பேப்பர்ல போட்ட விளம்பரம், இந்த மாதிரி இருக்கலாம். பெத்தவங்களே ஒப்படைச்ச பிள்ளைன்னா குழந்தைகள் நலக்குழு முன்னால கையெழுத்துப் போட்ட பத்திரம் இருக்கும். இன்னைக்கு சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் மனசு மாறி பிள்ளையத் திரும்ப வாங்கிக்க ரெண்டு மாசம் டைம் உண்டு. என் பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு அந்த அம்மா அன்னைக்குக் கேட்டிருந்தா, இப்ப மையமோ நலக்குழுவோ அவங்களத் தேடி சம்மதம் கேக்கணும். வேண்டாம்னு சொல்லிட்டாலும் ஆளே கிடைக்காட்டாலும் உங்கள வெறுங்கையா அனுப்ப முடியாது, எந்தச் சூழ்நிலையில, எதுக்காக ஒப்படைச்சாங்கங்கறத உங்ககிட்ட சொல்லணும், அது விதியிலயே இருக்கு. ஆனா பெத்தவங்களோட அந்தரங்கத்த மீற உங்களுக்கு உரிமை கிடையாது. எங்கயோ கல்யாணம் ஆகி புருஷன் பிள்ளைகளோட இருக்க ஒரு அம்மா வீட்டு வாசல்ல ஒருநாள் யாரோ போய் நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அவங்க மறுத்தா அது உங்க மேல வெறுப்புன்னு மட்டும் எடுத்துக்காதீங்க மக்களே.

அந்த ரூவா கேட்ட ஆள் விஷயத்துக்கு வாறேன். மூணாவது ஆள் மூலமா ரூட் சர்ச் பண்ண விதியில அனுமதி கிடையாது, விவரத்த வெளிய விடவும் கூடாது. பேஸ்புக்ல குழந்தை போட்டோவும் ஆஸ்பத்திரி பேரும் போட்டுத் தேடுறதும் வேண்டாம், அத முதல்ல பாக்கப்போறது அந்த அம்மாவோட நாத்தனாராக்கூட இருக்கலாம்.

வளத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், நிறைய பேர் பயப்படுதாவ. பெத்தவங்கள சந்திச்சா தத்து செல்லாமப் போகாது, உங்க பிள்ளை உங்க பிள்ளைதான், அங்க புதுசா சொத்துரிமையும் வராது. சொந்தத்துக்குள்ள இந்து தத்தெடுப்பு சட்டத்துல எடுத்திருந்தா பதிவு பண்ணுன பத்திரத்துலயே குடுத்தவங்க பேரு இருக்கும், ரூட் சர்ச்சே தேவைப்படாது. அந்தச் சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு, பிறந்த குடும்பத்துல யாரக் கட்டக்கூடாதோ அவங்கள தத்துப் போன பிறகும் கட்டக்கூடாது.

கவுன்சிலிங் குடுப்பாங்க, அதத் தட்டிக் கழிக்காம போங்க, கூட நம்பிக்கையான ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க. அந்த கருங்கல் பிள்ளையோட அவள வளத்த அம்மைதான் வடசேரி பஸ் ஸ்டாண்டுல காத்து நின்னு கூடப் போனாவ. மனு குடுத்தாச்சு, இன்னும் பதில் வரல.