போலீஸ் வேலை: அறிவிக்கையிலிருந்து ஸ்டேஷன் வரை

"மூவாயிரம் போலீஸ் எடுக்கிறார்கள்" என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுபவர்கள் இரண்டு வகை. வேலை தேடும் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் ஒரு வகை. புகார் கொடுக்கப் போய், "எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் உடனே விண்ணப்பிக்கலாம். இரண்டாம் வகையினர் கொஞ்ச வருஷம் பொறுக்க வேண்டும்.

காரணம் அறிவிக்கையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-ல் 3,359 இடங்களை அறிவித்தது. அதில் 674 இடம் தீயணைப்புத் துறைக்கு, 86 இடம் சிறைத் துறைக்கு. மிச்சம் 2,599தான் போலீஸ். அதிலும் ஆண்களுக்கான 1,819 இடமும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கு, அதாவது பட்டாலியனுக்கு. பெண்களுக்கு ஒதுக்கிய 780 இடம் ஆயுதப் படைக்கு. நேராக ஸ்டேஷனுக்கு என்று ஓர் இடம்கூடக் கிடையாது. பட்டாலியனில் சில வருஷம், அப்புறம் ஆயுதப் படை, அதற்குப் பிறகுதான் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன். ஆகவே 'புதிதாக ஆள் எடுத்தாச்சு' என்பதும் 'நம்ம ஸ்டேஷனுக்கு ஆள் வந்தாச்சு' என்பதும் வேறு வேறு.

தேர்வே மெதுவாகத்தான் நடக்கிறது. அந்த 2023 அறிவிக்கைக்கு எழுத்துத் தேர்வு டிசம்பரில் நடந்தது. நியமன ஆணை கையில் கிடைத்தது 2024 நவம்பரில். அதற்கு மேல் பயிற்சி.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது பொதுப் பிரிவுக்கு 18 முதல் 26. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 28 வரை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் திருநங்கைகளுக்கும் 31 வரை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலேயே வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 என்று நூறு மதிப்பெண். உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆண்களைக் கவிழ்ப்பது கயிறு. ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு; ஸ்டாரை வைத்துத்தான் மதிப்பெண். கேட்க ஒரு மீட்டர் வித்தியாசம்தான். நாலரை மீட்டருக்கு மேல் தோள் நடுங்கி, வியர்வையில் பிடி வழுக்கும்போதுதான் அந்த ஒரு மீட்டர் எவ்வளவு நீளம் என்பது தெரியும். வழுக்கிக்கொண்டே இறங்கினால் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும். உடல்திறனை விட்டுப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு நாள் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

எல்லாம் பாஸாகி வீட்டில் கேசரி கிண்டிய பிறகும் வேலை பறிபோகும் இடம் ஒன்று இருக்கிறது: நன்னடத்தை விசாரணை. கோவில் திருவிழாத் தகராறில் பெயர் சேர்ந்த வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான். 'சந்தேகத்தின் பலனை' அளித்து கோர்ட் விடுதலை செய்திருந்தாலும், போலீஸ் பணி விதிகள் அதை வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே கணக்கில் எடுக்கின்றன. கடுமையான விதிதான், என்னைக் கேட்டால் கொஞ்சம் அதிகம். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-லேயே அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. வழக்கை மறைப்பது இன்னும் மோசம். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள்.

பயிற்சி, வேலூர், கோவை, தூத்துக்குடி மாவட்டத்துப் பேரூரணி போன்ற இடங்களில் உள்ள காவலர் பயிற்சிப் பள்ளிகளில். ஏழு மாதம் அடிப்படைப் பயிற்சி, ஒரு மாதம் செய்முறை. விடியற்காலை ஓட்டம், பரேடு, துப்பாக்கி, நடுவில் சட்ட வகுப்பு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றினால் வீடியோ எடுப்பதும் இப்போது சட்டப்படி கட்டாயம். புதியவர்கள் இதை முதல் நாளிலிருந்து படிக்கிறார்கள். இருபது வருஷ சர்வீஸ் ஏட்டுகள் பழைய பிரிவு எண்ணை மறந்துவிட்டுப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும், அதுவும் பந்தோபஸ்து நடுவே.

ஆள் பற்றாக்குறை தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ளதல்ல. 2017-ல் உச்ச நீதிமன்றம் ஆறு மாநிலங்களின் உள்துறைச் செயலாளர்களை வரவழைத்துக் காவல் துறைக் காலியிடங்களை எப்போது நிரப்புவீர்கள் என்று கேட்டது. தமிழ்நாடும் அந்த ஆறில் ஒன்று.

பற்றாக்குறையின் விலையைக் கொடுப்பது ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது 2021-ல் தமிழக அரசு போட்ட ஆணை. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மிகைநேர ஊதியம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆணை இருந்து என்ன, மாற்ற ஆள் வேண்டுமே. உங்கள் வீட்டில் போலீஸ்காரர் யாராவது இருந்தால் போன மாதம் எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது, ஓய்வில்லாத நாளுக்குப் பணம் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.