எட்சிங் என்றால் செதுக்கோவியமா?

பழைய பாரிஸைப் பற்றி அண்மையில் படித்த கட்டுரையிலும் ‘மெரியோனின் செதுக்கோவியங்கள்’ என்றே இருந்தது. எத்தனை தடவைதான் பொறுப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைஞர் சார்ல் மெரியோனின் பாரிஸ் படங்கள் எட்சிங் முறையில், அதாவது செப்புத் தகட்டைத் திராவகத்தால் அரித்து, மை தடவித் தாளில் அச்சிடும் முறையில் ஆனவை. அதைத் தமிழில் அரிப்போவியம் என்பதே சரி.

ஆங்கிலச் சொல் டச்சு வழியாக ஜெர்மன் ‘ஏட்சன்’ என்பதிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் ‘தின்னச் செய்தல்’. தின்பது திராவகம்.

செதுக்குவது வேறு வேலை. கூரான உளியைக் கைப்பலத்தால் தள்ளிச் செப்புத் தகட்டைச் சீவி எடுப்பது என்கிரேவிங். அதற்குச் செதுக்கோவியம் என்ற பெயர் அப்படியே பொருந்தும். எட்சிங்கில் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் அந்த மெழுகை மட்டும் கீறுவார்கள். கை தாளில் வரைவதுபோல் தடையில்லாமல் ஓடும். அப்புறம் தகட்டைத் திராவகத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு, ஊறவிட்டால் ஆழமான கறுத்த கோடு. மெரியோனுக்கு நிறங்களைப் பிரித்தறிவது கடினம். இந்தக் கறுப்புவெள்ளைக் கலையில்தான் அவர் முழுமையாக வெளிப்பட்டார். 1854இல் வந்த ‘பிணவறை’யைப் பாருங்கள். சன்னல்கள் கன்னங்கரேல் என்றிருக்கும். கீழே ஆற்றிலிருந்து எடுத்த உடலைத் தூக்கிப் போகிறார்கள், மேலே கூட்டம் எட்டிப் பார்க்கிறது. பாரிஸை மாற்றியமைத்த ஓஸ்மான் முந்தைய ஆண்டுதான் அந்நகரின் நிர்வாக அதிகாரியாக வந்திருந்தார். பழைய தெருக்களை இடித்து அகன்ற சாலைகள் போடும் வேலை நகரமெங்கும் பரவியது. மறையவிருந்த அந்தப் பாரிஸைச் செம்பில் அரித்துத் தந்தது திராவகம். இதைச் ‘செதுக்கு’ என்றால் பாதிக் கதை போய்விடுகிறது.

‘அரிப்பு என்றால் சொறிதானே நினைவுக்கு வரும்?’ என்கிறார்கள். மண்ணரிப்பு, கடலரிப்பு என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதே, அதைப் படித்து யார் சொறிந்துகொள்கிறார்கள்? கரையான் அரித்த கதவு, துரு அரித்த தகரம் என்று நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கும் சொல் இது. சிலர் ‘அமில ஓவியம்’ என்கிறார்கள். அமிலத்தைத் தொட்டு வரைந்ததுபோல் கேட்கிறது, அதுவும் வேண்டாம்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அகராதியைப் பார்க்கிறார்கள், தகட்டைப் பார்ப்பதில்லை. ஒரு நூலில் எட்சிங், என்கிரேவிங் இரண்டுக்குமே செதுக்கோவியம் என்று போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்த இடத்தில் ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள்.