மானிட்டர்: பலகையில் பெயர் எழுதும் பிள்ளைக்குத் தமிழில் என்ன பெயர்?

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் "உங்கள் வகுப்பில் கண்காணிப்பு உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிக்கும். "பெயர் எழுதுவார்களா?" என்று கேட்டால் கதை கதையாக வரும். ஆசிரியர் வெளியே போனதும் லீடர் எழுந்து கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுவான். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, சிரித்தால் இன்னொன்று. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் யார் பேசினார்கள் என்பது அவனுக்கே சரியாகக் கேட்டிருக்காது. உதடு அசைந்தால் போதும். ஆசிரியர் திரும்பியதும் குறிக்கு ஒரு அடி. கடலை மிட்டாய் கைமாறினால் பெயர் அழிவதும் உண்டு.

இந்த லீடருக்குத்தான் ஆங்கில வழிப் பள்ளிகளில் மானிட்டர் என்று பெயர். லத்தீன் மொழியில் 'மொனேரே' என்றால் நினைவூட்டு, எச்சரி என்று பொருள். அதிலிருந்து வந்த மானிட்டர், எச்சரிப்பவர். (உடும்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். முதலை வருவதை அது எச்சரிக்கும் என்று யாரோ நம்பினார்களாம்.) மூத்த மாணவனைக் குறிக்கும் பள்ளிச் சொல்லாக ஆங்கிலத்தில் இது பதினாறாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. எச்சரிப்பது, கவனிப்பதாகி, கவனித்ததை மேலே சொல்வதாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் காட்சித் திரைக்கும் அதே பெயர் போனது. இன்று தலைமையாசிரியர் அறையில் சிசிடிவி காட்சிகள் ஓடும் திரையும் மானிட்டர்தான். பிள்ளைக்கும் கருவிக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சொல்லின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தம் விடுதியிலும் கொண்டுவர விரும்பினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைக்கும் இந்த 'மதராஸ் முறை' உலகம் சுற்றியது. பெல் பிரம்பை விரும்பாதவர். அதற்குப் பதிலாகக் குற்றங்களை எழுதிவைக்க ஒரு கறுப்புப் புத்தகம் வைத்தார். வாரம் ஒருமுறை அதைத் திறந்து மாணவர்களையே நடுவர்களாக அமர்த்தித் தீர்ப்புச் சொல்ல வைத்தார். நம் கரும்பலகைப் பட்டியலின் பாட்டன் அது. இதே போன்ற முறையை லண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர்தான் மானிட்டர் என்ற பெயரைப் பரவலாக்கினார். அவரும் பிரம்புக்கு எதிரி. ஆனால் தப்புச் செய்த பையனின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவார். கூடையில் உட்காரவைத்துக் கூரைக்கு ஏற்றுவார்.

பெல் வருவதற்கு வெகு முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் இந்த வேலைக்கு ஆள் இருந்தான்: சட்டாம்பிள்ளை. சட்டம் என்பதற்கு ஒழுங்கு, விதி என்ற பொருளோடு, பார்த்து எழுதும் மாதிரி, எழுதுவதற்காக வாரிய ஓலை என்ற பொருள்களும் பழைய அகராதிகளில் உண்டு. இவற்றில் எதை வேராகக் கொண்டாலும் பொருந்துகிறது. வாத்தியார் இல்லாதபோது பாடம் ஒப்பிக்க வைப்பவனும் அவனே, கோள் சொல்பவனும் அவனே. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் அந்தப் பள்ளிகளின் தண்டனை.

மலையாளத்தில் இந்தச் சொல் சட்டம்பி. கேரளத்தின் சமூகச் சீர்திருத்தத் துறவி சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்ததே, படித்த இடத்தில் அவர் மாணவர் தலைவராக இருந்ததால்தான். ஆனால் இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரவுடி. தமிழிலும் பத்திரிகைகள் வல்லரசு ஒன்றை 'உலகச் சட்டாம்பிள்ளை' என்று எழுதும்போது பாராட்டாக எழுதுவதில்லை.

அதனால்தான் 'வகுப்புத் தலைவர்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. தேர்தலில் வென்றவர் போல ஒலிக்கிறது. செய்யும் வேலையை மறைத்துவிடுகிறது. மானிட்டருக்கு நேரான தமிழ் சட்டாம்பிள்ளைதான். பிள்ளை பொதுப்பால் ஆகையால் பெண் லீடருக்கும் பொருந்தும். செயலைச் சொல்ல 'கண்காணி' இருக்கிறது. திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து பார்க்கும் இறைவனுக்கு வந்த சொல் அது. பிறகு இலங்கைத் தோட்டங்களில் கூலிகளை மேய்த்த கங்காணியாகத் தேய்ந்தது. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் மானிட்டரைத் திரை என்றால் போதும்.

பள்ளியில் பிள்ளைகள் அன்றாடம் படுவதை ஆராய்பவர்களுக்கு இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. ஆந்திரா, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'யங் லைவ்ஸ்' ஆய்வில், பள்ளி பிடிக்காததற்குப் பிள்ளைகள் சொன்ன முதல் காரணம் அடியும் வசவும். ஆசிரியரிடமிருந்து மட்டுமல்ல, சக மாணவரிடமிருந்தும். அந்தச் சக மாணவரின் கையில் சாக்பீஸைக் கொடுத்தது யார் என்று கேட்கப் பிள்ளையின் சொல்தான் வேண்டும்: "உன் பெயரை யார் எழுதுவார்கள்? எழுதினால் என்ன நடக்கும்? அழிக்க என்ன கொடுக்க வேண்டும்?" கூடவே லீடரிடமும் கேட்க வேண்டும். யார் பெயரையும் எழுதாத நாளில் அடி வாங்கியது அவனாகவும் இருக்கலாம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு காணாமல்போன வகுப்புகளிலும் பலகையின் ஓரத்துப் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது.