மாநிற முகங்களைத் தீட்ட வெலாஸ்கெஸிடம் கற்க வேண்டியவை

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, தோல் நிறத்துக்கு எந்தெந்த வண்ணங்களை எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைத்தான். கடைகளில் 'ஃப்ளெஷ் டின்ட்' என்ற பெயரில் கிடைக்கும் வெளிர் ரோஜா நிறக் குழாய், அப்படி ஒரே கலவை இருக்கிறது என்ற நம்பிக்கையை மேலும் வளர்த்துவிடுகிறது. அதனுடன் பழுப்பைச் சேர்த்து மாநிறமாக்கி, நிழலுக்குக் கறுப்பும் ஒளிக்கு வெள்ளையும் கலந்தால், முகம் சாம்பல் பூசியதுபோல் உயிரற்றுப் போகிறது. உருவப்படம் தீட்டியும் கற்பித்தும் வரும் அனுபவத்தில் சொல்கிறேன்: இது கைத்திறன் குறைவால் வரும் குறை அல்ல, தோலை ஒற்றை நிறமாக எண்ணும் பழக்கத்தால் வருவது.

தோலின் மீது விழும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. மறுபகுதி உள்ளே புகுந்து, சிதறி, குருதியின் செம்மையை ஏந்திக்கொண்டு வெளிவருகிறது. அறிவியல் இதை விளக்குவதற்கு வெகுகாலம் முன்பே ஓவியர்கள் இதைக் கண்ணால் அறிந்திருந்தார்கள். 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூல், முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறமியைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை மெல்லிய அடுக்குகளாகத் தீட்டச் சொல்கிறது. கீழிருக்கும் பச்சை மேலிருக்கும் சிவப்பை அடக்கி, ஒளியும் நிழலும் சந்திக்கும் இடைத்தொனியைத் தருகிறது. மேலடுக்கு தேய்ந்தோ மங்கியோ போனதால்தான் அக்காலத்துச் சில ஓவியங்களில் புனிதர்களின் முகங்கள் இன்று பச்சையாகத் தெரிகின்றன. 17ஆம் நூற்றாண்டின் ரூபன்ஸ் போன்ற பிற்கால ஓவியர்கள், கருமையான அடித்தளத்தின் மேல் வெளிர் வண்ணத்தை மிக மெல்லியதாக இழுத்து, நீல நிறமியைத் தொடாமலே நீலம் கலந்த சாம்பல் தோற்றத்தைப் பெற்றார்கள்.

மாநிற முகத்தைத் தீட்ட விரும்புபவர் வேறெந்தப் படத்தையும்விட நெடுநேரம் பார்க்க வேண்டியது, ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோம் நகரில் தீட்டிய ஹுவான் டி பரேஹாவின் உருவப்படம். பரேஹா அப்போது வெலாஸ்கெஸிடம் அடிமையாக இருந்தவர். அதே ஆண்டில் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. பின்னர் அவரே ஓவியரானார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தப் படத்தில், நெற்றியின் மிக ஒளிர்ந்த இடத்தையும் கழுத்துப்பட்டையின் வெண்மையையும் மாறி மாறிப் பாருங்கள். நெற்றி எவ்வளவு மின்னினாலும் பட்டையின் வெண்மையை நெருங்குவதில்லை. அந்த இடைவெளிதான் தோலைத் தோலாகக் காட்டுகிறது. முகத்தைச் சுற்றியுள்ள சாம்பல் பின்னணியும், ஆடையின் அடங்கிய நிறமும் கன்னத்தின் வெம்மையைக் கூட்டித் தருகின்றன. முகத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து நகல் செய்தால் இந்தப் பாடம் கைநழுவிவிடும்.

இதைப் பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், கொண்டுவர நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளியது. முதலில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புடன் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைக் கலந்து, வெள்ளையைச் சற்றே சேர்த்து, கன்னத்தின் இடைத்தொனியை அமைத்துக்கொள்ள வேண்டும். மாநிறத்தில் நிறம் செறிந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்புடன் அல்ட்ராமரைன் நீலத்தைத் துளி சேர்த்து, அடித்தளம் தெரியும்படி மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். கறுப்பு விலக்க வேண்டிய வண்ணம் என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் ஓக்கர், வெர்மிலியன் என்ற பளிச்சிடும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகியவற்றைக் கொண்டே அருமையான முகங்களைத் தீட்டினார், அங்கே கறுப்பு நீலத்தின் வேலையைச் செய்தது. நெற்றி, மூக்குநுனி ஆகிய இடங்களின் மினுமினுப்பு தோலின் நிறத்தை அல்ல, ஒளியின் நிறத்தையே காட்டும். சன்னல் வழியே வானத்து ஒளி விழுந்தால் அந்தப் புள்ளி நீலம் தோய்ந்தே இருக்கும். அங்கே வெறும் வெள்ளையை வைப்பதுதான் பல படங்களைக் கெடுக்கிறது.

நம் நாட்டு முகங்களிலேயே இதைப் பயில ரவி வர்மா இருக்கிறார். மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் உள்ள அவருடைய ஓவியம் ஒன்றில், வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த 11 பெண்கள் இசைக்கருவிகளோடு கூடியிருக்கிறார்கள்; ஒரே ஒளியில் பல தோல் நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

இணையத்தில் கிடைக்கும் நகல்களை நம்புவதில் கவனம் வேண்டும். ஒரே ஓவியம் ஒரு தளத்தில் மஞ்சளாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் தெரியும். பழைய வார்னிஷ் மஞ்சளாகிப்போன படமானால் குழப்பம் இரட்டிப்பாகும். அருங்காட்சியகங்கள் தாமே வெளியிடும் உயர்தரப் படங்களையே பயன்படுத்துங்கள். கைபேசிச் செயலியால் ஒரு புள்ளியின் நிறத்தை உறிஞ்சி எடுத்து அதைக் கலக்க முயல்வதில் பயனில்லை, ஏனெனில் அண்டை நிறங்களிலிருந்து பிரித்தெடுத்த புள்ளி பெரும்பாலும் மண்ணாகவோ சாம்பலாகவோதான் தெரியும்.

பழைய ஓவியர்களின் முறையைப் பின்பற்றுவதற்காக அவர்களுடைய நிறமிகளையே தேடிப் போவது ஆபத்தானது. ஈய வெள்ளை நச்சுத்தன்மை கொண்டது; வெர்மிலியன் பாதரசச் சேர்மம். மாணவர்கள் டைட்டானியம் வெள்ளையும் பைரோல் சிவப்பும் கொண்டு பயில்வதே போதும். டைட்டானியம் வெள்ளை குளிர்ந்தது, பிற நிறங்களை விரைவில் விழுங்கக்கூடியது. ஆகவே மிகக் குறைவாக எடுத்து, ஓக்கரால் சற்று வெம்மையூட்டிக்கொள்ள வேண்டும். ஈய வெள்ளையைப் பயன்படுத்தியே தீர வேண்டிய தொழில்முறை ஓவியர், தூளாக வாங்காமல் குழாயில் அடைத்ததை வாங்கி, கையுறை அணிந்து, உலர்ந்த படலத்தை ஒருபோதும் உப்புத்தாளால் தேய்க்காமல், குழந்தைகள் நடமாடாத அறையில் வேலை செய்ய வேண்டும்.