துளையட்டை

பழைய கணினிகளுக்குத் தகவலைத் துளைகளாகப் போட்டுக் கொடுத்த அட்டைதான் பஞ்ச் கார்டு. அதைத் தமிழில் பலரும் ‘துளையிட்ட அட்டை’ என்று எழுதுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கணினிப் பொருள்களைச் சேர்ப்பவரிடம் ஒரு துளைகூட விழாத, உறை பிரிக்காத கட்டு இருந்தால்? அதுவும் பஞ்ச் கார்டுதான். அதைப் போய்த் ‘துளையிட்ட’ என்பது எப்படி?

‘பஞ்ச்’ குத்துவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் லத்தீன் வேரைத் தோண்டினால், சைக்கிள் கடையில் ஒட்டுகிறார்களே, அந்தப் ‘பஞ்ச’ரும் பங்காளியாக நிற்கும். ‘கார்டு’ இன்னும் பழசு: பாப்பிரஸ் தாளுக்குக் கிரேக்கர் வைத்த பெயர்.

பொருளின் கதை தறியில் தொடங்குகிறது. 1804-இல் பிரான்சின் ஜக்கார் செய்த தறியில், அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இல்லாவிட்டால் நின்றுவிடும். துணியில் பூ விழுவது அந்தக் கணக்கில்தான். காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலும் இந்த அட்டைச்சரம் தொங்கும். அப்புறம் அமெரிக்கப் பொறியாளர் ஹெர்மன் ஹாலரித், 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அட்டையில் ஏற்றினார். ரயில் நடத்துநர்கள் பயணியின் அடையாளத்தைச் சீட்டில் துளை போட்டுக் குறிப்பதைப் பார்த்து வந்த யோசனையாம்.

சேகரிப்பாளர் கையில் அதிகம் கிடைப்பது 1928-இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த வகை: 80 நெடுவரிசை, 12 கிடைவரிசை, நீள்சதுரத் துளைகள், வெட்டிய ஒரு மூலை. அட்டை திரும்பியிருந்தால் அந்த மூலை காட்டிக்கொடுத்துவிடும். மேலே எழுத்து அச்சாகாத அட்டையையும் படிக்கலாம். ஒரு நெடுவரிசையில் 5 என்ற இடத்தில் மட்டும் துளை இருந்தால் அது 5. உச்சி வரிசையில் ஒன்றும் 1-இல் ஒன்றுமாக இருந்தால் ஆங்கில ‘ஏ’. உச்சியும் 2-உம் என்றால் ‘பி’. பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். என் ஓட்டு ‘துளையட்டை’க்கு. இதை வினைத்தொகையாக எடுத்துக்கொண்டால் துளைத்த அட்டை, துளைக்கிற அட்டை, துளைக்கும் அட்டை மூன்றும் அடங்கும், குடிநீர் போல. வெற்றுக் கட்டுக்கும் பொருந்தும், நிரல் ஏற்றிய கட்டுக்கும் பொருந்தும். அட்டைக்குப் பதில் ‘சீட்டு’ என்று வைத்தால் பேருந்துச் சீட்டின் மெல்லிய தாள்தான் நினைவுக்கு வருகிறது. அட்டைக்கு ரத்தம் குடிக்கிற பொருளும் உண்டே என்றால், ரேஷன் அட்டையைப் பார்த்து யாரும் பயந்ததில்லை.

ஆனால் துளை போடும் இயந்திரத்துக்குத் ‘துளைக்கருவி’ என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரைப் புல்லாங்குழலும் நாகசுரமும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ‘துளைப்பொறி’ என்று எழுதினால் குழப்பமில்லை.