பிரஸ்தாரம்: ஒரு சொல்லுக்குள் இரண்டு கணக்கு

யாப்பிலும் தாளத்திலும் சுரக் கோவையிலும் வரும் சொல் பிரஸ்தாரம். வடமொழியில் இதற்கு விரித்துப் பரப்புதல் என்று பொருள். ஓர் அளவுக்குள் அடங்கும் வடிவங்கள் அத்தனையையும் ஒன்றுகூட விடுபடாமல் எழுதிக் காட்டும் முறைக்கு, வடமொழி யாப்பு நூல் செய்த பிங்கலரின் மரபில் இது பெயராயிற்று.

எழுதிப் பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? தாதா, தாதத, ததாத, தததா, தததத. ஐந்து விதம். ஏன் ஐந்து? கடைசி எழுத்து குறிலானால் அதற்கு முன் மூன்று மாத்திரை இருக்கும். அதை நிரப்ப மூன்று வழி. நெடிலானால் முன்னே இரண்டு மாத்திரை. அதற்கு இரண்டு வழி. மூன்றும் இரண்டும் ஐந்து. இதே காரணத்தால் ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. இன்று ஃபிபனாச்சி எண்கள் எனப்படும் வரிசை இதுதான். ஃபிபனாச்சியின் நூல் வந்தது 1202-இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சமண அறிஞர் ஹேமசந்திரர் யாப்பு பற்றி எழுதும்போது இந்த விதியைச் சொல்லிவிட்டார். செய்யுளை அளக்கப் போனவர்கள் கண்டெடுத்த எண்கள் இவை என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘விரிப்பு’ நேர் மொழிபெயர்ப்புதான். ஆனால் அது எழுதிப் பரப்பிய தோற்றத்தை மட்டும் சொல்கிறது; வடிவங்கள் பிறக்கும் விதத்தைச் சொல்வதில்லை. ‘உறழ்ச்சி’ என்பதே பொருத்தம் என்பேன். உறழ்தல் என்றால் மாறிவருதல். பெருக்குதல் என்றும் பொருள் உண்டு. ‘கல் குறிது’ என்றும் வரலாம், ‘கற்குறிது’ என்றும் வரலாம். ஓரிடத்தில் இரண்டுக்கும் இசைவு தரும் இதைத்தான் இலக்கணம் உறழ்ச்சி என்கிறது. பிரஸ்தாரத்தின் உயிரும் அதுவே: ஒவ்வோர் இடத்திலும் இதுவா, அதுவா?

நம் சீர்களின் வாய்பாடும் இப்படிப் பிறந்ததுதான். நேர், நிரை என இரண்டே அசை. ஓரசையில் நாள், மலர் என இரண்டு சீர். ஈரசையில் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு. மூவசையில் எட்டு, நாலசையில் பதினாறு. ஆக முப்பது. இங்கே மாத்திரையை எண்ணாமல் அசையை எண்ணுவதால் எண்கள் கூடிக்கூடி வளராமல் இரட்டித்து வளர்கின்றன.

சுரப் பிரஸ்தாரத்துக்கு மட்டும் உறழ்ச்சி ஒத்துவராது. ஏழு சுரத்தையும் ஒவ்வொரு முறை வைத்து இடம் மாற்றினால் 5040 கோவைகள் கிடைக்கும். அங்கே சுரங்கள் மாறுவதில்லை, நிற்கும் வரிசைதான் மாறுகிறது. கணக்குப் பாடத்தில் பழகிய ‘வரிசைமாற்றம்’ அதற்குப் போதும்.